மூன்று தவறிய வாய்ப்புகளும் முந்நூறு கோல்களும்



இன்று ஒரு கால்பந்து வீரரைப் பற்றி எழுதுகிறேன். நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் இப்போதே படியுங்கள். அவசரத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்து ஞாயிற்றுக்கிழமை படியுங்கள். படிக்காமலே லைக் போட்டுவிட்டுப் போகிறவர்களையும் எனக்குத் தெரியும். வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்துகொண்டு "புரிஞ்சுது சார்" என்று முதலில் சொன்னவர்கள் நீங்கள்தான்.

அந்த வீரரின் பெயர் கொன்சாலோ இகுவாயின். அர்ஜென்டினாக்காரர். நம் பத்திரிகைகளில் ஹிகுவைன் என்று போடுவார்கள். ஸ்பானிஷ் மொழியில் அந்த முதல் எழுத்தை உச்சரிப்பதில்லை, அதனால் இகுவாயின் என்றே எழுதுகிறேன். முன்கள வீரர். அதாவது கோல் அடிப்பதுதான் அவர் வேலை. 2005இல் தொடங்கி 2022 வரை ஆடி ஓய்வு பெற்றவர்.

கால்பந்து பார்க்கும் பிள்ளைகளிடம் இந்தப் பெயரைச் சொன்னால் உடனே சிரிப்பு வருகிறது. நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவிலும் உலகக் கோப்பைப் பேச்சு வந்தால் யாராவது ஒரு தம்பி அந்தக் கேலிப் படத்தைப் போட்டுவிடுகிறான். காலியாகக் கிடக்கும் கோல் கம்பம், வானத்தில் பறக்கும் பந்து, கீழே இவர் பெயர். யாரோ ஒருவர் எளிதான காரியத்தைச் சொதப்பினால் அதற்கே இவர் பெயரை வைத்துவிட்டார்கள்.

அந்தச் சிரிப்பு நியாயமில்லை என்பது என் கருத்து. ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன். கால்பந்து தெரியாத அத்தைமார்களும் சித்திமார்களும் பயப்பட வேண்டாம், புரியும்படிதான் எழுதுகிறேன்.

முதலில் குற்றச்சாட்டைப் பார்ப்போம். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

2014 ஜூலை 13. பிரேசிலில் ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா மைதானம். உலகக் கோப்பை இறுதிப் போட்டி, அர்ஜென்டினாவும் ஜெர்மனியும். ஆட்டம் தொடங்கி 20 நிமிடம் தாண்டியதும் ஜெர்மனியின் டோனி க்ரூஸ் பந்தைத் தன் பக்கம் திருப்பி அனுப்பத் தலையால் தட்டினார். அது நேராக இகுவாயினிடம் வந்தது. எதிரே கோல்கீப்பர் நோயர் மட்டும். வேறு யாரும் கிட்டத்தில் இல்லை. பந்தை அடக்கி, இரண்டு அடி முன்னே போக நேரம் இருந்தது. இவர் அவசரப்பட்டு அடித்தார். பந்து கம்பத்துக்கு வெளியே போனது. சற்று நேரம் கழித்து ஒரு பந்தை வலைக்குள் அடித்துவிட்டுக் கைகளை விரித்துக்கொண்டு ஓடினார். ஆஃப்சைடு, கோல் இல்லை என்று கொடி உயர்ந்திருந்தது. கூடுதல் நேரத்தில், 113வது நிமிடத்தில், ஜெர்மனியின் மரியோ கோட்சே கோல் அடித்தார். 1-0. கோப்பை போனது.

2015 ஜூலை 4. சிலி நாட்டின் சாண்டியாகோ. கோபா அமெரிக்கா இறுதிப் போட்டி. இது தென் அமெரிக்க நாடுகளுக்கான கோப்பை. ஆட்டம் முடியும் தறுவாயில் மெஸ்ஸி பந்தைக் கொண்டுபோய் லவேஸ்ஸியிடம் கொடுக்க, அவர் குறுக்கே தள்ள, தூரக் கம்பத்தின் அருகே காலை நீட்டி இகுவாயின் தொட்டார். பக்க வலையில் பட்டது. பிறகு பெனால்டி. இவர் அடித்தது கம்பத்துக்கு மேலே போய்விட்டது. சிலிக்குக் கோப்பை.

2016 ஜூன் 26. அமெரிக்காவின் நியூஜெர்சி. கோபா அமெரிக்காவின் நூற்றாண்டுப் போட்டி. மறுபடியும் இறுதி, மறுபடியும் சிலி. தற்காப்பு வீரர் மெடல் தடுமாற, பந்து இவருக்குக் கிடைத்தது. கோல்கீப்பர் பிராவோ மட்டும் எதிரே. அவரைத் தாண்டித் தட்டினார், கம்பத்தையும் தாண்டிப் போனது. இந்த முறையும் பெனால்டியில் தோல்வி.

மூன்று ஆண்டு, மூன்று இறுதிப் போட்டி, மூன்றிலும் இவர் தவறவிட்ட வாய்ப்பு. இதுதான் வழக்கு. இதில் பொய் எதுவும் இல்லை.

இனி பதிவேட்டைப் புரட்டுவோம்.

இவர் பிறந்தது 1987 டிசம்பர் 10, பிரான்சின் பிரெஸ்ட் நகரில். அப்பா ஹோர்கே அங்கே ஒரு கிளப்பில் தற்காப்பு வீரராக ஆடிக்கொண்டிருந்தார். குழந்தைப் பருவத்திலேயே குடும்பம் அர்ஜென்டினா திரும்பிவிட்டது. அப்பாவுக்கு மைதானத்தில் "பிபா", அதாவது புகைக்குழாய் என்று பட்டப்பெயர். மகன் "பிபிதா", சின்னப் புகைக்குழாய். பட்டப்பெயர் வைக்கும் பழக்கம் நமக்கு மட்டும் சொந்தமில்லை!

புவெனோஸ் ஐரெஸில் ரிவர் பிளேட் கிளப்புக்கு ஆடினார். அந்த ஊரில் ரிவர் பிளேட்டும் போகா ஜூனியர்ஸும் மோதினால் ஊரே இரண்டாகப் பிரிந்துவிடும். 2006 அக்டோபரில் நடந்த அந்த மோதலில் இவர் 2 கோல் அடித்தார். ரிவர் 3-1 என்று வென்றது. வயது 18. சில மாதங்களில் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் இவரை வாங்கிக்கொண்டது.

மாட்ரிட்டில் 3 முறை லீக் பட்டம். அதில் ஒன்றை முடித்துவைத்ததே இவர்தான். 2008 மே மாதம் ஒசசூனா அணியுடன் ஆட்டம். மாட்ரிட்டில் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிவிட்டார், 10 பேர்தான். 0-1 என்று பின்தங்கியிருந்து, கடைசி நிமிடங்களில் ராபன் சமன் செய்ய, இரண்டு நிமிடத்தில் இவர் வெற்றி கோல் அடித்தார். அன்றே பட்டம் உறுதியானது. 2009-10 பருவத்தில் லீக்கில் மட்டும் 27 கோல். மாட்ரிட்டில் மொத்தம் 121.

பிரான்சில் பிறந்தவர் என்பதால் பிரான்ஸ் தேசிய அணியும் இவரை அழைத்தது. மறுத்துவிட்டு அர்ஜென்டினாவுக்காகக் காத்திருந்தார். 2009 அக்டோபரில் மரடோனா பயிற்சியாளராக இருந்தபோதுதான் அழைப்பு வந்தது. பெருவுடன் தகுதிச் சுற்று ஆட்டம். அன்று தோற்றாலோ சமன் ஆனாலோ 2010 உலகக் கோப்பைக்குப் போவதே சந்தேகம் என்ற நிலை. முதல் ஆட்டம் ஆடிய இவர் முதல் கோலை அடித்தார். பெரு கடைசியில் சமன் செய்ய, கொட்டும் மழையில் பலேர்மோ வெற்றி கோல் அடித்தது தனிக் கதை.

2010 உலகக் கோப்பையில் தென் கொரியாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 3 கோல். 2014க்கான தகுதிச் சுற்றில் 9 கோல். மெஸ்ஸியை விட ஒன்றே ஒன்று குறைவு. தேசிய அணிக்கு மொத்தம் 75 ஆட்டம், 31 கோல். ஒப்பிட்டுப் பாருங்கள்: மரடோனா 91 ஆட்டத்தில் 34. மரடோனா ஆட்டத்தையே கட்டி எழுப்பியவர், வெறும் கோல் கணக்கில் அவரை அளக்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் 31 என்பது சின்ன எண் இல்லை என்று புரிந்துகொள்ள அது உதவும்.

இப்போது 2014க்கு மறுபடியும் போகலாம். அந்த உலகக் கோப்பையில் நாக்-அவுட் கட்டத்தில், அதாவது தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டிய கட்டத்தில், அர்ஜென்டினா 4 ஆட்டம் ஆடியது. நான்கிலும் சேர்த்து அடித்த கோல் எத்தனை தெரியுமா? இரண்டே இரண்டு. சுவிட்சர்லாந்துக்கு எதிராக டி மரியா அடித்தது ஒன்று. காலிறுதியில் பெல்ஜியத்துக்கு எதிராக 8வது நிமிடத்தில் இகுவாயின் அடித்தது மற்றொன்று. திரும்பி நின்று, துள்ளி வந்த பந்தைக் கீழே விழவிடாமல் அடித்த அருமையான கோல். அந்தக் கோல்தான் 1-0 என்று அணியை அரையிறுதிக்குக் கொண்டுபோனது.

2016 நூற்றாண்டுப் போட்டியில் காலிறுதியில் வெனிசுவேலாவுக்கு எதிராக 2 கோல். அரையிறுதியில் அமெரிக்காவுக்கு எதிராக 2 கோல். பிறகுதான் அந்த இறுதிப் போட்டி.

ஆக, இறுதிப் போட்டியில் தவறவிட்டார் என்று நாம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோமோ, அணியை அந்த இறுதிப் போட்டி வரை தூக்கிக்கொண்டு வந்தவர்களில் அவரும் ஒருவர். காலிறுதியில் தோற்று வந்த அணிகளின் முன்கள வீரர்களை யாரும் கேலி செய்யவில்லை. அவர்கள் வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு கணக்கு. மூன்று இறுதிப் போட்டியும் கூடுதல் நேரம் வரை போனது. ஒன்றுக்கு 120 நிமிடம், மொத்தம் 360 நிமிடம். இந்த 360 நிமிடத்தில் அர்ஜென்டினா அடித்த கோல் பூஜ்யம். மெஸ்ஸி அடிக்கவில்லை, அகுவேரோ அடிக்கவில்லை, யாருமே அடிக்கவில்லை. 2014 இறுதியில் இரண்டாம் பாதி தொடங்கியதும் மெஸ்ஸி அடித்ததும் வெளியேதான் போனது. கூடுதல் நேரத்தில் பலாசியோ கோல்கீப்பர் தலைக்கு மேல் தூக்கிப் போட்டதும் வெளியேதான் போனது. 2016 பெனால்டியில் மெஸ்ஸி அடித்தது கம்பத்துக்கு மேலே போனது. ஒரு அணியே சேர்ந்து அடிக்காமல் விட்டதை ஒரே ஆள் தலையில் கட்டிவிட்டோம்.

இந்த மனிதரின் வாழ்க்கையில் என்னை அதிகம் யோசிக்க வைத்த பகுதி அடுத்து வருகிறது.

2013இல் இவர் இத்தாலியின் நாப்போலி கிளப்புக்குப் போனார். நேப்பிள்ஸ் நகரத்து மக்களுக்கு மரடோனா சாமி மாதிரி. அங்கே இன்னொரு அர்ஜென்டினாக்காரர் போவது லேசான காரியமில்லை. 2015 மே 31, அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம், எதிரணி லாசியோ. வென்றால் அடுத்த ஆண்டு ஐரோப்பாவின் பெரிய போட்டியான சாம்பியன்ஸ் லீக்கில் நுழையலாம். நாப்போலி 0-2 என்று பின்தங்கியது. இகுவாயினே 2 கோல் அடித்துச் சமன் செய்தார். அதன்பின் ஒரு பெனால்டி கிடைத்தது. அவரே அடித்தார். மேலே போய்விட்டது. ஆட்டம் 2-4 என்று கைவிட்டுப் போனது. ஐந்து வாரத்தில் சாண்டியாகோவில் நான் முன்பு சொன்ன அந்தப் பெனால்டி. அதுவும் மேலே.

ஒரே கோடையில், ஒரு ஊரையும் ஒரு நாட்டையும் ஏமாற்றியவர் என்ற பெயர். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? இரண்டு மூன்று மாதம் வெளியே தலைகாட்ட மாட்டீர்கள்.

அந்த ஆண்டு நாப்போலிக்குப் புதுப் பயிற்சியாளர் வந்தார். மௌரிசியோ சாரி. வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே சின்னச் சின்ன அணிகளைப் பழக்கி, பிறகு வங்கி வேலையை விட்டுவிட்டு மேலே வந்தவர். அவரிடம் இகுவாயின் ஆடிய அந்த 2015-16 பருவத்தில் லீக்கில் 35 ஆட்டம், 36 கோல். இத்தாலியின் சீரி ஆ லீக்கில் 1949-50இல் மிலான் அணியின் ஸ்வீடன் வீரர் நூர்தால் அடித்த 35 கோல்தான் அதுவரை சாதனை. 66 ஆண்டுகள் யாராலும் தொட முடியாதது. நடுவில் நடுவரிடம் கோபப்பட்டுச் சிவப்பு அட்டை வாங்கி 3 ஆட்டம் தடையில் வேறு இருந்தார். கடைசி நாள், 2016 மே 14, ஃப்ரோசினோனே அணிக்கு எதிராக 3 கோல் தேவை. 3 அடித்தார்.

தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2015 ஜூலையில் இரண்டாவது இறுதிப் போட்டித் தவறு. 2016 மே மாதம் 66 ஆண்டுச் சாதனை. 2016 ஜூனில் மூன்றாவது தவறு. இரண்டு தவறுகளுக்கும் நடுவில் அவருடைய வாழ்க்கையின் மிகச் சிறந்த ஆண்டு உட்கார்ந்திருக்கிறது. கேலிப் படத்தில் அந்த ஆண்டு வெட்டி எறியப்பட்டுவிட்டது.

அந்த ஆண்டே யுவென்டஸ் கிளப் 9 கோடி யூரோ கொடுத்து இவரை வாங்கியது. நாப்போலியின் பெரிய போட்டியாளரிடமே போனதால் நேப்பிள்ஸ் மக்களுக்குக் கடும் கோபம். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டா என்பது வேறு விவாதம். யுவென்டஸிலும் 3 லீக் பட்டம் வாங்கினார். பிறகு மிலான், செல்சி, கடைசியாக அமெரிக்காவின் இன்டர் மயாமி. மயாமியில் முதல் ஆட்டத்திலேயே ஒரு பெனால்டியை மேலே அடித்தார். எதிரணிக்காரர்கள் அவர் முகத்துக்கு நேரே வந்து கொண்டாடினார்கள். ஆனால் 2022இல், 34 வயதில், அதே லீக்கில் 16 கோல் அடித்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றார். கிளப்புகளுக்கும் நாட்டுக்குமாகச் சேர்த்து 300 கோலுக்கு மேல்.

இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். எழுதத் தொடங்கும்போதே சில பேர் கையைத் தூக்குவது எனக்குத் தெரிகிறது.

"கோடி கோடியாச் சம்பளம் வாங்குறார், விமர்சனத்தைத் தாங்க வேண்டாமா சார்?"

தாங்க வேண்டும். விமர்சனம் வேறு, கேலி வேறு. "நோயர் எதிரே நின்றபோது பந்தை அடக்கியிருக்கலாம், நேரம் இருந்தது, அவசரப்பட்டார்." இது விமர்சனம். இதைக் கேட்டு ஒரு பதின்மூன்று வயதுப் பையன் நாளை தன் மைதானத்தில் நிதானமாக இருக்கக் கற்றுக்கொள்வான். கேலிப் படத்தில் அப்படிக் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? சம்பளம் அவர் ஆட்டத்துக்குக் கொடுத்தது. அவரை அவமானப்படுத்தும் உரிமையையும் சேர்த்து யாரும் விலைக்கு வாங்கவில்லை.

"முக்கியமான நாள்லதான சார் சொதப்பினார்? அதுதான கணக்கு?"

இந்தக் கேள்வியில் சாரம் இருக்கிறது. 2010இல் மாட்ரிட்டுக்காக லியோன் அணியுடன் ஆடும்போதும் கோல்கீப்பரைத் தாண்டிப் போய் காலி கோலில் அடித்தது கம்பத்தில் பட்டது. அன்று மாட்ரிட் வெளியேறியது. பெரிய நாட்களில் அவர் பதறினார் என்று ஒருவர் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் போகாவுக்கு எதிராக 2 கோல் அடித்ததும், ஒசசூனா ஆட்டமும், பெல்ஜியம் ஆட்டமும், அமெரிக்காவுடன் அரையிறுதியும், 3 கோல் தேவைப்பட்ட நாளில் 3 கோல் அடித்ததும் முக்கியமில்லாத நாட்களா? ஜெயித்த நாளை "சாதாரண நாள்" என்று சொல்லித் தள்ளிவிட்டுத் தோற்ற நாளை மட்டும் "முக்கியமான நாள்" என்று எழுதிக்கொண்டால் யாராலும் தேற முடியாது.

ஆசிரியர்களுக்கு இது பழகிய விஷயம். 2012இல் நம் பள்ளிகளில் முப்பருவ முறை வந்தது நினைவிருக்கிறதா? வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. பதிவேடு எழுதி எழுதி எங்கள் விரல் தேய்ந்தது உண்மை. ஆசிரியர் அறையில் புலம்பாத ஆள் இல்லை. ஆனால் அதற்குள் இருந்த யோசனை நல்லது. பருவம் முழுக்க அந்தப் பிள்ளை செய்த வேலைக்கும் ஒரு எடை உண்டு, கடைசித் தேர்வு நாளுக்கும் ஒரு எடை உண்டு. கடைசி நாளுக்குக் கூடுதல் எடை கொடுங்கள், தப்பில்லை. 60 கொடுங்கள். மற்ற 40ஐயும் அழித்துவிட்டு நூற்றுக்கு நூறும் அந்த ஒரு நாளுக்கே கொடுக்காதீர்கள் என்பதுதான் அதன் சாரம். இகுவாயினுக்கு நாம் செய்தது அதைத்தான்.

ஒரே நிமிடத்தை வைத்து ஆளை அளப்பது புகழும்போதும் சரியாக வராது. 2014இல் அந்த வெற்றி கோலை அடித்த கோட்சேவைப் பாருங்கள். அன்று வயது 22. உலகத்தையே ஆளப்போகிறவர் என்றார்கள். பிறகு உடல்நலக் கோளாறு வந்தது. 2017இல் பல மாதம் ஆடவே முடியவில்லை. 2018 உலகக் கோப்பைக்கு ஜெர்மனி அவரைத் தேர்வு செய்யவில்லை. அந்த ஒரு கோல் அவருக்கும் பெரிய சுமையாகத்தான் இருந்திருக்கும்.

லவுடாரோ மார்டினெஸையும் பாருங்கள். இகுவாயின் இருந்த இடத்துக்கு வந்த அர்ஜென்டின முன்கள வீரர். 2022 உலகக் கோப்பை முழுவதும் ஆட்ட நேரத்தில் ஒரு கோலும் அடிக்கவில்லை. பிரான்சுடன் இறுதிப் போட்டியின் கூடுதல் நேரத்திலும் நல்ல வாய்ப்புகளை விட்டார். ஆனால் அர்ஜென்டினா பெனால்டியில் வென்றுவிட்டது, அதனால் அந்தத் தவறுகளை யாரும் பெரிதாகப் பேசவில்லை. 2024 கோபா அமெரிக்காவில் அதே லவுடாரோ 5 கோல் அடித்து முதலிடம். கொலம்பியாவுடன் இறுதிப் போட்டியின் 112வது நிமிடத்தில் கோப்பையை வென்று கொடுத்ததும் அவர்தான். இவருக்கு அடுத்த வாய்ப்பு கிடைத்தது, இகுவாயினுக்கு அது கிடைக்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தில் திறமை எவ்வளவு, மற்றவர்கள் அடித்த பெனால்டி எவ்வளவு என்று நீங்களே யோசித்துச் சொல்லுங்கள்.

2019 மார்ச்சில் தேசிய அணியிலிருந்து விலகுகிறேன் என்று இகுவாயின் அறிவித்தார். வயது 31. விமர்சனம் வன்மமாக மாறும்போது வலிக்கிறது, அதைக் குடும்பமும் சேர்ந்து சுமக்கிறது என்ற பொருளில் பேசினார். அந்த வன்மத்தில் நம் குழுவில் போட்ட படத்துக்கும் ஒரு துளி பங்கு உண்டா? "பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் நாங்கள் சிரித்தால் அவருக்கு என்ன ஆகப்போகிறது?" என்று கேட்கலாம். அவருக்கு ஒன்றும் ஆகாது. நம் பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் ஆகும்.

எப்படி என்று சொல்கிறேன். நான் நடத்திய வகுப்புகள் பெரும்பாலும் ஐந்திலிருந்து எட்டு வரை. அந்த வயதில் ஒரு பிள்ளை கையைத் தூக்கித் தவறான பதில் சொல்லி, வகுப்பே சிரித்தால் என்ன நடக்கும் என்று பல நூறு முறை பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை அடுத்த நாள் கை தூக்காது. அதோடு நிற்காது. சிரித்த பிள்ளைகளும் கை தூக்க மாட்டார்கள். தவறினால் என்ன கிடைக்கும் என்று அவர்களும் பார்த்துவிட்டார்களே! பதில் தெரிந்தும் தலையைக் குனிந்து நோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கால்பந்திலும் அதேதான். கோல் கம்பத்துக்கு எதிரே தவறவிட வேண்டுமென்றால் முதலில் அங்கே போய் நிற்க வேண்டும். க்ரூஸ் தலையால் தட்டிய பந்து தன்பாட்டில் இகுவாயினைத் தேடி வரவில்லை. பந்து வந்து விழக்கூடிய இடத்தில் அவர் முன்கூட்டியே நின்றிருந்தார். மெடல் தடுமாறியபோதும் அப்படித்தான். தவறினால் ஊர் சிரிக்கும் என்று பயந்தவன் நடுக் களத்திலேயே பந்தைப் பக்கத்தில் இருப்பவனுக்குத் தள்ளிவிட்டுப் பத்திரமாக நின்றுகொள்வான். அவன் பெயரில் கேலிப் படம் வராது. கோலும் வராது. மூன்றாவது இறுதிப் போட்டியிலும் இகுவாயின் அங்கே போய் நின்றார். முதல் இரண்டு முறை பட்ட அவமானத்துக்குப் பிறகும் போய் நின்றார். அவரிடம் நான் மதிப்பது இதைத்தான்.

உறவுகளுக்கு ஒரு வார்த்தை. தனியாகச் சொல்ல வேண்டியதுதான், ஆனால் எல்லோரும் ஒன்றாக இருக்கும் இடத்தில் சொன்னால்தான் உறைக்கும். நம் வகையறாவில் ஒரு தம்பி இருக்கிறான். பல வருடத்துக்கு முன் ஒரு தொழில் தொடங்கி நஷ்டப்பட்டான். கடனை ஒற்றை ஆளாக அடைத்தான். தங்கையைக் கட்டிக் கொடுத்தான். அப்பாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்டான். இன்று நல்லபடியாக இருக்கிறான். ஆனால் எந்தக் கல்யாண வீட்டிலும் பந்தியில் அவன் பக்கத்தில் உட்காரும் யாராவது ஒரு மாமா அந்தப் பழைய கடையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுச் சிரிப்பார். அவனும் சேர்ந்து சிரிப்பான். இப்போதெல்லாம் முகூர்த்தம் முடிந்ததும் சாப்பிடாமல் கிளம்பிவிடுகிறான். யார் என்று எழுத மாட்டேன். படிக்கும் உங்களுக்குத் தெரியும். அடுத்த விசேஷத்தில் அவனிடம் கடையைப் பற்றிப் பேசாதீர்கள். அப்பாவை எப்படிப் பார்த்துக்கொண்டாய் என்று கேளுங்கள்.

ஆசிரியர்களாகவும் அப்பா அம்மாக்களாகவும் இருக்கும் என் மாணவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தேர்வு முடிவு வரும் நாளில் பிள்ளை மதிப்பெண் குறைந்து வந்து நின்றால், "அன்றைக்கு என்ன ஆச்சு?" என்று கேளுங்கள், கட்டாயம் கேளுங்கள். தவறைத் தவறு என்று சொல்லாமல் தடவிக் கொடுக்க நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வியோடு நிறுத்திவிடாமல், ஆண்டு முழுக்க அது உட்கார்ந்து எழுதிய நோட்டுகளையும் ஒருமுறை எடுத்துப் புரட்டுங்கள். அந்தப் பிள்ளைக்குப் பட்டப்பெயர் வைக்க வீட்டில் யாரையும் விடாதீர்கள். தாத்தாவாக இருந்தாலும் சரி.

ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். ஓய்வு பெற்றும் இந்தப் பழக்கம் போகவில்லை. 2016 மே 14, நாப்போலி - ஃப்ரோசினோனே ஆட்டத்தில் இகுவாயின் அடித்த மூன்றாவது கோலைத் தேடிப் பாருங்கள். 36வது கோல் அதுதான். கோலுக்கு முதுகைக் காட்டி நின்று, வந்த பந்தை மார்பில் வாங்கி, அப்படியே பின்னால் சாய்ந்து தலைக்கு மேல் கால் வீசி அடிப்பார். ஓராண்டுக்கு முன் அதே ஊரில் பெனால்டியை மேலே அடித்தவர்தான் அவர். பார்த்துவிட்டு, கேலிப் படத்தைக் குழுவில் போட்ட தம்பி, இதையும் அதே குழுவில் போடு. நான் முதல் லைக் போடுகிறேன்.

கருத்து மாறுபாடு உள்ளவர்கள் தயங்காமல் கீழே எழுதுங்கள். தவறாகச் சொன்னாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு.

அனைவரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்